மெர்க்குரி மான்டெரே: ஷோரூமில் காலியான ஓர் இடத்துக்காகப் பிறந்த வேன்

கேள்வி இதுதான்: ஒஹையோவில் இருக்கும் மாமா 2005 மாடல் மெர்க்குரி மான்டெரே வேன் ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஃபோர்டு ஃப்ரீஸ்டார் வேனுக்கே வேறு பேர் ஒட்டி, சொகுசு வண்டி என்று விற்றார்களாம். மூன்று நான்கு வருடத்தில் அது காணாமல் போனதற்குப் பேரை மாற்றி ஒட்டியதுதான் காரணமா? மாமா அந்த வண்டியை எனக்குத் தருகிறேன் என்கிறார், வாங்கிக்கொள்ளலாமா?

முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். பேரை மாற்றி ஒட்டியது காரணம் இல்லை. அதே வேலையைச் செய்து பல வருடம் நன்றாக விற்றவர்கள் இருக்கிறார்கள். மான்டெரேவின் சிக்கல் வேறு. அந்த வேனைக் கேட்டது வாங்குகிறவர் இல்லை, விற்கிறவர். ஃபோர்டு கம்பெனியின் லிங்கன், மெர்க்குரி பிராண்டுகளை விற்கும் டீலர்களின் ஷோரூமில் ஒரு வேன் நிற்க வேண்டிய இடம் காலியாகிவிட்டது. அந்த இடத்தை நிரப்ப, கையில் இருந்த வேனை எடுத்து உடுத்தி அனுப்பினார்கள். அப்படி எடுத்த வேனோ ஏற்கெனவே பின்தங்கிப்போன வேன்.

பேட்ஜ் எஞ்சினீயரிங் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. மாருதி பலேனோவையும் டொயோட்டா கிளான்ஸாவையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே வண்டி, ஒரே எஞ்சின், முகப்பும் சின்னமும் மட்டும் வேறு. செலவு குறைவு, சீக்கிரம் சந்தைக்கு வரும், இரண்டு டீலர் வரிசையும் விற்கலாம். கணக்காகப் பார்த்தால் தப்பே இல்லாத யோசனை.

மெர்க்குரி என்ற பிராண்டே கிட்டத்தட்ட இந்த யோசனையின் மேல்தான் நின்றது. ஹென்றி ஃபோர்டின் மகன் எட்சல் ஃபோர்டு 1938-இல் அதைத் தொடங்கினார். சாதாரண ஃபோர்டுக்கும் விலை உயர்ந்த லிங்கனுக்கும் நடுவே ஒரு படி வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்சம் வசதி வந்த ஃபோர்டு வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார் என்பது அவர் எண்ணம். மெர்க்குரிக்கென்று தனியாகக் கடை கிடையாது. லிங்கன் விற்கும் டீலரே மெர்க்குரியையும் விற்பார். லிங்கனில் ஒரு வண்டிக்கு லாபம் அதிகம், ஆனால் எண்ணிக்கை கம்மி. கடை வாடகையும் மெக்கானிக் சம்பளமும் மெர்க்குரி விற்பனையில்தான் ஓடின. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது.

இப்போது வேன் பக்கம் வருவோம். அமெரிக்க மினிவேன் என்று நாம் இன்று சொல்வது 1983 நவம்பரில் கிறைஸ்லர் ஆலையிலிருந்து வெளியே வந்தது. டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் என்று இரட்டைப் பிள்ளைகளாக. அதைக் கொண்டுவந்த லீ அயகோக்காவும் ஹால் ஸ்பெர்லிக்கும் அதற்கு முன் ஃபோர்டில் இருந்தவர்கள். அந்த யோசனையை அவர்கள் ஃபோர்டிலேயே வைத்துப் பார்த்தார்கள், இரண்டாம் ஹென்றி ஃபோர்டு ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் ஃபோர்டை விட்டுப் போக நேர்ந்தது, யோசனையும் அவர்களோடு போய்விட்டது. அதன் பிறகு மினிவேன் விஷயத்தில் ஃபோர்டு எப்போதும் ஓரடி பின்னால்தான் நடந்தது என்பது என் அபிப்பிராயம்.

அந்த ஓரடி எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கதவு போதும். 1994-இல் ஃபோர்டு வின்ட்ஸ்டார் என்ற வேனைக் கொண்டுவந்தது. முன்சக்கர இழுவை, காரைப் போல ஓடும், நல்ல வேன்தான். ஆனால் சறுக்குக் கதவு வலப்பக்கம் மட்டும். ஓட்டுநர் பக்கம் அப்படி ஒரு கதவு தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். அடுத்த வருடமே கிறைஸ்லர் தன் புது வேன்களில் இடப்பக்கமும் சறுக்குக் கதவைத் தந்தது. பார்க்கிங்கில் இந்தப் பக்கம் இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், கைக்குழந்தையை அந்தப் பக்கம் ஏற்றிப் பழகிய தாய்மார்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். ஜனங்கள் அந்தக் கதவையே கேட்க ஆரம்பித்தார்கள். ஃபோர்டால் உடனே உடம்பை அறுத்துக் கதவு வைக்க முடியவில்லை. 1998 மாடலில் ஓட்டுநர் கதவையே நீளமாக்கி, அந்த வழியாகப் பின்சீட்டுக்குப் போகலாம் என்றார்கள். உண்மையான இடப்பக்கச் சறுக்குக் கதவு 1999 மாடலில்தான் வந்தது. மினிவேன் உலகத்தில் நான்கு வருடம் என்பது ஒரு தலைமுறை.

மெர்க்குரியின் முதல் மினிவேனுக்கும் இந்த வின்ட்ஸ்டாருக்கும் சம்பந்தமில்லை. அதன் பேர் வில்லேஜர். நிஸானும் ஃபோர்டும் கூட்டுச் சேர்ந்து செய்தது. வடிவமும் எஞ்சினும் நிஸானுடையது, கட்டியது ஒஹையோ மாநிலம் ஏவன் லேக்கில் இருந்த ஃபோர்டு ஆலை. அங்கே கட்டிய வண்டிகளில் ஒரு பகுதி நிஸான் குவெஸ்ட் என்றும் மறு பகுதி மெர்க்குரி வில்லேஜர் என்றும் 1993 மாடலாக வெளியே வந்தன. இதுவும் பேட்ஜ் மாற்றிய வண்டிதான். ஆனால் பத்து வருடம் ஓடியது. ஏனென்றால் வில்லேஜர் மாதிரி ஒரு வண்டி ஃபோர்டு கடையில் இல்லை. வின்ட்ஸ்டாரை விடச் சிறியது, ஓட்ட இலகுவானது. நாட்டிகா என்ற துணிக் கம்பெனியின் பேரில் ஒரு தனிப் பதிப்புகூட வந்தது. மெர்க்குரி கடைக்குள் நுழைய அது ஒரு காரணம் தந்தது.

2002-இல் அந்தக் கூட்டு முடிந்தது. நிஸான் தன் அடுத்த குவெஸ்ட்டைத் தானே மிசிசிப்பியின் கான்டன் ஊரில் கட்டப் போய்விட்டது. லிங்கன்-மெர்க்குரி டீலர்களிடம் வேனே இல்லை. பத்து வருடமாக வில்லேஜர் ஓட்டியவர் மாற்று வண்டி கேட்டு வந்தால் காட்ட ஒன்றுமில்லை. சும்மா விட்டுவிடக்கூடிய வியாபாரமா அது? 2000 வாக்கில் அமெரிக்காவில் வருடத்துக்கு 13 லட்சத்துக்கும் மேல் மினிவேன் விற்ற காலம்.

சரி, அதே சமயத்தில் ஃபோர்டு தன் வின்ட்ஸ்டாரைச் சீர்திருத்திக்கொண்டிருந்தது. முன்பக்கமும் உள்ளேயும் நிறைய மாற்றி, பேரையும் ஃப்ரீஸ்டார் என்று மாற்றினார்கள். பேரை மாற்றியதற்கு இரண்டு காரணம். ஃபோர்டு கார்கள் எல்லாம் F என்ற எழுத்திலேயே தொடங்க வேண்டும் என்று அப்போது ஒரு கொள்கை இருந்தது: ஃபோகஸ், ஃப்ரீஸ்டைல், ஃபைவ் ஹன்ட்ரட், ஃப்யூஷன். இன்னொன்று, வின்ட்ஸ்டார் என்ற பேர் கெட்டிருந்தது. முதல் தலைமுறையில் 3.8 லிட்டர் எஞ்சினுக்குள் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய், கம்பெனியே வாரன்டியை நீட்டித்துத் தர வேண்டியிருந்தது. ஜனங்கள் அதை மறக்கவில்லை.

அந்த ஃப்ரீஸ்டாரையே எடுத்து, மெர்க்குரி முகம் வைத்து, 2004 மாடலாக அனுப்பியதுதான் மான்டெரே. பேர் புதிதில்லை. 1950 முதல் 1974 வரை மெர்க்குரியின் பெரிய கார்கள் அந்தப் பேரில் ஓடின. கலிஃபோர்னியா கடற்கரை ஊரின் பேர் அது. 1963 மான்டெரேவின் பின்கண்ணாடி மற்ற கார்களுக்கு நேர் எதிராக உள்பக்கம் சாய்ந்திருக்கும், பொத்தானை அழுத்தினால் கீழே இறங்கி காற்று வண்டிக்குள் ஓடும். அவ்வளவு துணிச்சலான காரின் பேரை எடுத்து, முன்பக்கக் கிரில் மட்டும் மாற்றிய ஒரு வேனுக்கு வைத்தார்கள். எனக்கு இன்றைக்கும் அது வருத்தம்தான். மெர்க்குரி பேர்கள் எல்லாம் M என்ற ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது இங்கேயும் கொள்கை. மவுன்டனீர், மராடர், மான்டெரே, மான்டெகோ, மரைனர், மிலான் என்று வரிசையாக வந்தன. பேர்களைக் கோத்ததில் இருந்த கவனம் வண்டிகளை வேறுபடுத்துவதில் இருக்கவில்லை.

மாமாவின் வண்டியில் நீங்களே இதைச் சோதிக்கலாம். ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். கனடா ஃபோர்டு கம்பெனி தயாரித்தது என்று இருக்கும். சேசிஸ் எண்ணின் முதல் எழுத்து 2. அது கனடாவைக் குறிக்கும். ஃப்ரீஸ்டார், மான்டெரே இரண்டுமே ஒன்டாரியோவின் ஓக்வில் ஆலையில், ஒரே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்பட்டன. இதில் ஒரு விசித்திரம் உண்டு. கனடாவில் மெர்க்குரி பிராண்டை 1999-லேயே மூடிவிட்டார்கள், கிராண்ட் மார்க்கி என்ற பெரிய கார் போன்ற ஓரிரு வண்டிகள் மட்டும் ஃபோர்டு கடைகளில் தொடர்ந்தன. ஆக, ஓக்வில் தொழிலாளி தன் கையால் கட்டிய மான்டெரேவைத் தன் ஊர்க் கடையில் பார்க்கவே முடியாது. எல்லாமே எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போயின.

பானெட்டைத் திறந்தால் 4.2 லிட்டர் வி6. கெட்ட பேர் வாங்கிய அந்த 3.8-இன் குடும்பத்தைச் சேர்ந்தது, பெரிதாக்கப்பட்டது. 201 குதிரைத்திறன். கியர்பாக்ஸில் நான்கே கியர். இழுவை நன்றாகவே இருந்தது, சிக்னலில் கிளம்பும்போது தெம்பாகக் கிளம்பும். ஆனால் அதே காலத்து டொயோட்டா சியன்னாவில் 3.3 லிட்டர் எஞ்சினிலேயே 230 குதிரைத்திறன், ஐந்து கியர். ஹோண்டா ஆடிஸி 240-இல் இருந்தது, 2005 மாடலில் 255-ஆக ஏறியது. ஹைவேயில் ஏறும் சரிவில் மிதித்தால் இந்த வித்தியாசம் காதிலேயே கேட்கும். மான்டெரே உறுமும், மற்ற இரண்டும் சத்தமில்லாமல் போய்விடும்.

இதை நான் காகிதத்தில் படித்துச் சொல்லவில்லை. 2004 கோடையில் டெட்ராய்ட் பக்கம் ஒரு நண்பர் வேன் வாங்கக் கிளம்பினார். வண்டிப் பித்து பிடித்தவன் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு ஐந்து வயதில் ஒரு மகள், மூன்று மாதத்தில் ஒரு மகன். முதலில் போனது லிங்கன்-மெர்க்குரி கடைக்கு. வெயிலில் நின்றிருந்த மான்டெரேவில் ஏறி உட்கார்ந்து, சீட்டுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வரும் பொத்தானை அழுத்தினோம். முதுகு ஈரம் இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. அன்றைய மினிவேன்களில் அது அபூர்வம். பிரேக், ஆக்ஸிலரேட்டர் பெடல்களையே பொத்தானால் முன்னும் பின்னும் நகர்த்தலாம். நண்பரின் மனைவி உயரம் குறைவு, ஸ்டியரிங்கை நெஞ்சில் அணைத்துக்கொள்ளாமல் ஓட்ட முடிந்தது என்று சந்தோஷப்பட்டார். முன்னாலும் பின்னாலும் பார்க்கிங் சென்சார், மூன்று வரிசைக்கும் பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பை. மூன்றாம் சீட்டைத் தரைக்குள் மடக்கலாம், பின்புறமாகத் திருப்பிப் போட்டு டிக்கி வாசலில் உட்காரும் பெஞ்சாகவும் ஆக்கலாம். அந்த வேனில் யோசனை இல்லாமல் இல்லை. யாரோ சில பொறியாளர்கள் தங்களுக்குக் கொடுத்த கொஞ்ச இடத்தில் மனசு வைத்து வேலை செய்திருந்தார்கள். அதை நான் எப்போதும் சொல்வேன்.

அப்புறம் சியன்னா பார்க்கப் போனோம். சிறுமி பின்சீட்டில் ஏறியதும் சறுக்குக் கதவின் கண்ணாடிப் பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி கீழே இறங்கியது. மினிவேன்களின் சறுக்குக் கதவில் கண்ணாடி இறங்குவது அப்போது அபூர்வம். அவள் கையை வெளியே நீட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. எஞ்சின், கியர், விலை எல்லாம் நாங்கள் வீட்டுக்கு வந்து பேசினோம், ஆனால் வண்டி தேர்வானது அந்த நொடியில். குடும்ப வேன் அப்படித்தான் விற்கும். கதவு, கண்ணாடி, சீட்டு மடங்கும் விதம் போன்ற அன்றாடச் சின்ன விஷயங்கள்தான் தீர்மானிக்கும். அதே வருடம் கிறைஸ்லர், இரண்டாம் வரிசை சீட்டையும் தரைக்குள் புதைக்கும் ஏற்பாட்டைத் தன் 2005 மாடல்களில் கொண்டுவந்தது. சோபா வாங்கப் போகிறோமா, சீட்டைக் கழற்றி கராஜில் வைக்க வேண்டாம், இழுத்து மடக்கினால் போதும். மான்டெரேவில் இரண்டாம் வரிசையைக் கழற்றித் தூக்கத்தான் வேண்டும். தனியாக ஒரு சீட்டைத் தூக்கியவர்களுக்கு அந்த கனம் தெரியும்.

விலையையும் பாருங்கள். மான்டெரே சுமார் 30,000 டாலரில் ஆரம்பித்தது. உயர்ந்த வகையில் எல்லா வசதியும் சேர்த்தால் இன்னும் பல ஆயிரம் கூடும். அந்தப் பணத்துக்கு எதிர்க் கடையில் சியன்னாவோ ஆடிஸியோ கிடைக்கும். அது வெளிப் போட்டி. வீட்டுக்குள் இருந்த போட்டி இன்னும் மோசம். ஃப்ரீஸ்டாரின் மேல் வகையிலேயே அதே 4.2 எஞ்சின், தோல் சீட்டு எல்லாம் வந்தது. ஃபோர்டு கடையில் அதே வேனைக் கொஞ்சம் குறைத்துப் பேசி வாங்கலாம் என்றால் மெர்க்குரி கடைக்கு எதற்குப் போக வேண்டும்? நேர்க்கோடு கோடாகப் போட்ட கிரில்லுக்காகவா? அதே மெர்க்குரி கடைக்குள் மூன்றாவது போட்டியும் நின்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரருக்கு மெர்க்குரி பேர் ஒட்டிய மவுன்டனீர். ஏழு பேர் உட்காரலாம், பார்க்க மிடுக்காக இருக்கும். வேன் என்றாலே பிள்ளைகளைப் பள்ளிக்கு விடும் வண்டி என்று முகம் சுளித்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த காலம்.

பேட்ஜ் மாற்றியது குற்றமில்லை என்று மேலே சொன்னேனே, அதற்குச் சாட்சி கிறைஸ்லரின் டவுன் அண்ட் கன்ட்ரி. 1990 மாடலில் தொடங்கியது. அடிப்படையில் டாட்ஜ் கேரவனும் அதுவும் ஒரே வண்டி. மேலே மரப் பலகை போன்ற ஒட்டு, உள்ளே தோல். அது 2016 வரை ஓடியது. அமெரிக்காவில் சொகுசு மினிவேன் என்றால் பல வருடம் அந்தப் பேர்தான். காரணம், கீழே இருந்த வேன் அந்த வகையிலேயே முன்னணியில் இருந்தது. கேரவன் முன்னேறும்போதெல்லாம் டவுன் அண்ட் கன்ட்ரியும் கூடவே முன்னேறியது. ஃப்ரீஸ்டார் அப்படி முன்னேறப் போதுமான பணத்தை ஃபோர்டு ஒதுக்கவில்லை. அஸ்திவாரம் 1999 வின்ட்ஸ்டாருடையது, அதற்கும் அடியில் 1994-இன் எலும்பு.

ஜெனரல் மோட்டார்ஸும் அப்போது இதே பள்ளத்தில் விழுந்தது. 2005 மாடலாக ப்யூக் டெராஸா, சாட்டர்ன் ரிலே, பான்டியாக் மொன்டானா, செவ்ரொலே அப்லேண்டர் என்று ஒரே வேனுக்கு நான்கு முகம். ஜார்ஜியாவின் டோராவில் ஆலையில் கட்டினார்கள். பழைய வேனின் மூக்கை நீட்டி, ஜீப் மாதிரித் தோற்றம் கொடுத்துப் பார்த்தார்கள். டெராஸா 2007 மாடலோடு முடிந்தது, 2008-இல் ஆலையே மூடப்பட்டது. பின்னால் ஃபோக்ஸ்வேகன் கிறைஸ்லர் வேனை வாங்கி ரவுட்டான் என்று 2009 மாடலாக விற்றது. இரண்டாம் வரிசை சீட்டைத் தரைக்குள் புதைக்கும் ஏற்பாட்டை எடுத்துவிட்டு விற்றார்கள். கிறைஸ்லர் வேனை ஜனங்கள் எதற்காக வாங்கினார்களோ, அதையே எடுத்துவிட்டார்கள்.

மான்டெரே எப்படி முடிந்தது? யாரும் அதைக் கொல்ல உட்கார்ந்து யோசிக்கவில்லை. 2006-இல் ஃபோர்டு கம்பெனி 1,200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் கண்டது. ஆலைகளை மூடுவதும் ஆட்களைக் குறைப்பதுமாக இருந்த நேரம். ஓக்வில் ஆலைக்கு ஃபோர்டு எட்ஜ் என்ற புது எஸ்யூவி வகை வண்டியும், அதன் லிங்கன் இரட்டையான எம்கேஎக்ஸும் தயாராக இருந்தன. எதிர்காலம் அந்த வகை என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அது சரியான முடிவு. இடம் வேண்டும், ஆகவே வேன் வரிசையை நிறுத்தினார்கள். ஃப்ரீஸ்டாரும் மான்டெரேவும் 2007 மாடலோடு முடிந்தன. மெர்க்குரி கடையில் வேனின் இடம் மறுபடி காலி. இந்த முறை யாரும் அதை நிரப்பவில்லை. 2008-இல் அதே ஓக்வில் ஆலையில் மூன்று வரிசை சீட்டோடு, சறுக்குக் கதவு இல்லாமல், பெட்டி மாதிரி ஃப்ளெக்ஸ் வந்தது. அதற்கு மெர்க்குரி இரட்டை செய்யவில்லை.

மெர்க்குரிக்கே ரொம்ப நாள் இருக்கவில்லை. 1978-இல் சுமார் 5,80,000 வண்டி விற்ற பிராண்ட், 2009-இல் 92,000 அளவுக்கு இறங்கியிருந்தது. 2010 ஜூன் 2 அன்று மூடும் முடிவை அறிவித்தார்கள், கடைசி மெர்க்குரியான ஒரு கிராண்ட் மார்க்கி 2011 ஜனவரியில் ஆலையை விட்டு வெளியே வந்தது. எட்சல் ஃபோர்டு நினைத்த நடுப்படி 72 வருடம் இருந்தது. மான்டெரே அந்தச் சரிவின் ஒரு சின்ன அடையாளம். படியே இல்லாத இடத்தில் பேரை மட்டும் வைத்துப் படி என்று காட்டினார்கள். விலைச்சீட்டைப் படிக்கத் தெரிந்த எந்தக் குடும்பமும் அதில் ஏறவில்லை.

இப்போது உங்கள் மாமாவின் வண்டி. இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ வந்தால், ஊருக்குள் ஓட்ட, சாமான் ஏற்ற வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். மோதல் சோதனையில் நல்ல பேர் வாங்கிய வேன். ஃப்ரீஸ்டாருக்கும் அதற்கும் எஞ்சின் உதிரி, பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் ஒன்றே. மான்டெரேவுக்கே உரிய முன்கிரில், விளக்கு மாதிரிச் சாமான்கள் உடைந்தால் பழைய வண்டிகளை உடைக்கும் யார்டுகளில் தேட வேண்டியிருக்கும்.

ஆனால் சாவியை வாங்குவதற்கு முன் இரண்டு விஷயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ஒன்று, எஞ்சினின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். 2004, 2005 மாடல் ஃப்ரீஸ்டார், மான்டெரே வண்டிகளில் அதன் வெளியீட்டுத் தண்டு ஓடும்போதே தோற்றுப்போகலாம். எஞ்சின் ஓடும், சக்கரத்துக்கு விசை போகாது. ஹைவேயின் நடுத் தடத்தில் அப்படி ஆனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்காக 2012-இல் சுமார் 2 லட்சம் வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது (ரீகால்). மாமாவின் வண்டி 2005 என்கிறீர்கள், ஆகவே இது உங்களுக்கு நேராகப் பொருந்தும். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் ஃபோர்டு டீலரே அந்த வேலை முடிந்ததா என்று பார்த்துச் சொல்வார். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்திலும் அதே எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். முடியவில்லை என்றால், முடியும் வரை ஹைவே பக்கம் எடுத்துப் போகாதீர்கள்.

இன்னொன்று துரு. ஒஹையோவில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்புப் போடுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் பின்சக்கர வளைவுக்குள் தங்கி, தகட்டைத் தின்று, மூன்றாம் சீட்டின் பிடிமானம் வரைக்கும் போய்விடும். உப்பு போடும் மாநிலங்களில் ஓடிய இந்த வேன்களுக்கு 2013-இல் அதற்காக ஒரு ரீகால் வந்தது. அதுவும் முடிந்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதோடு விடாமல், நீங்களே பின்கதவைத் திறந்து, மூன்றாம் சீட்டை மடக்கி, விளிம்பில் கார்ப்பெட்டைத் தூக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கர வளைவு தரையோடு சேரும் தையலை ஸ்க்ரூடிரைவர் முனையால் மெதுவாக அழுத்துங்கள். டங்கென்று கேட்டால் நல்லது. பொருக்குத் தட்டி முனை உள்ளே போனால், அந்த சீட்டில் எந்தப் பிள்ளையையும் உட்கார வைக்காதீர்கள்.